சைக்கிள் முகாம் பிரயாணத்தில் சுமை ஏற்றுதல்

கூடாரம், படுக்கை, சமையற் சாதனங்கள், ஆகாரம், தண்ணீர், பழுதுபார்க்கும் கருவிகள் ஆகிய யாவற்றையும் பிறர் துணையின்றித் தன் சைக்கிளிலேயே கொண்டுசென்று, இரவுதோறும் திறந்த வெளியில் தங்கும் நெடும்பிரயாணி, அச்சாமான்களைத் தெரிந்தெடுத்து வண்டியில் முறைப்படி அமைக்கும் வகை. வண்டியின் சமநிலை, சக்கரங்களின் ஆயுள், பிரயாணியின் க்ஷேமம் ஆகிய மூன்றும் இதனைச் சார்ந்தவை.

வரலாறு: 1884-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சக்கரமுடைய பழைய வகைச் சைக்கிளில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோஹாமாவை அடைந்த தாமஸ் ஸ்டீவன்ஸ், மாற்றுச் சட்டை, காலுறைகள், கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய ஒரு மழைக்கோட்டு என மிகச் சில பொருள்களையே உடன்கொண்டார். லண்டன் நகரத் தையற்கலைஞரான தாமஸ் ஹிராம் ஹோல்டிங், இலேசான முகாம் சாதனங்களுடன் அயர்லாந்தில் சைக்கிளிற் சென்ற அனுபவத்தை 1898-ல் நூலாக வெளியிட்டார். அவருடைய முயற்சியால் 1901-ல் சைக்கிள் முகாமாளர் சங்கமும் தோன்றியது. அமெரிக்க சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டான 1976-ல், ஆரெகன் மாநிலத்திலிருந்து வர்ஜீனியா வரை அந்நாட்டைக் குறுக்காகக் கடக்கும் சைக்கிள் பிரயாணத்தில் ஆயிரக்கணக்கானோர் ஈடுபட்டனர்.

பாரப் பங்கீடு: ஓட்டுபவரின் உடற்பாரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பின்சக்கரத்தின் மீது இருப்பதால், சாமான்கள் அனைத்தையும் பின் கேரியரிலேயே குவித்தால் அச்சக்கரத்தின் கம்பிகள் அறுபடுவதும், ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிப்பிழந்து தடுமாறுவதும் நேரும். ஆதலின், முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரரைப் போல, சைக்கிள் பிரயாணியும் சுமையைப் பகிர்ந்தே வைத்தல் வேண்டும். பின்புறம் 60 பங்கும் முன்புறம் 40 பங்கும் வைப்பது பரவலான வழக்கம். முன்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள் அச்சின் மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருந்தால், ஹேண்டில்பாரைத் திருப்புகையில் பாரம் அதிகம் வீசாது. இடமும் வலமும் நிறையொத்திருப்பதோடு, பின்பைகள் மிதிக்கும் குதிகாலில் இடிக்காத தூரத்தில் நிற்பதும் அவசியம். சுமை தளர்ந்து ஆடினாலோ கேரியர் நெகிழ்ந்தாலோ, இறக்கத்தில் வேகம் கூடும்போது வண்டி முழுவதும் நடுங்கி ஓட்டுபவரை வீழ்த்திவிடக்கூடும்.

வைப்பு முறை: அடுப்பு, தானியம், கருவிகள் முதலிய கனத்த பொருள்கள் பைகளின் அடியிலும், உடைகள் அவற்றின் மேலும் இருத்தல் நன்று. அடுப்புக்கான எரிபொருளை ஆகாரத்தோடு சேர்க்காமல், நிமிர்ந்து நிற்கும்படி தனியே வைக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு கிலோகிராம் நிறையுள்ள தண்ணீருக்கு, சட்டத்தின் நடுப்பகுதியே தக்க இடம். காலையில் பனியாலும் மழையாலும் நனைந்தே சுருட்டப்படும் கூடாரம், படுக்கைப் பையைத் தீண்டாதபடி கேரியரின் மீது நீளவாட்டில் கட்டப்படும். படுக்கையோ நீர்புகாத உறையினுள் பத்திரமாக இருக்கும். மழைக்கோட்டு, மாற்று டியூப், பம்பு ஆகியன மூட்டையை அவிழ்க்காமலே கைக்கெட்டவேண்டும். பணமும் பத்திரங்களும் வண்டியை விட்டு நீங்கும்போது உடன் எடுத்துச் செல்லத்தக்க முன்பையில் இருப்பது உசிதம். ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இடம் வகுத்துக்கொண்டவர் இருளிலும் அதனைத் தேடி அலையமாட்டார்.

கேரியரில்லா முறை: கரடுமுரடான மலைத்தடங்களுக்கென, சட்டத்தின் முக்கோண இடைவெளியிலும் ஸீட்டின் பின்னும் ஹேண்டில்பாரிலும் பட்டைகளால் பைகளைப் பிணிக்கும் முறை பிற்காலத்தில் பரவியது. இதனால் வண்டி ஒடுக்கமாகி, குறுகிய காட்டுவழியிலும் தடையின்றிச் செல்லும்; ஆயினும் கொள்ளளவு குறைவாதலால், பொருள்களைத் தெரிந்தெடுப்பதில் கண்டிப்பு மிகவும் வேண்டும்.

பரீட்சை: சுமையேற்றிய வண்டி நிற்பதற்கு அதிக தூரம் எடுத்துக்கொள்ளும், டயர்களுக்குக் காற்றும் சற்று அதிகம் தேவைப்படும். ஆகவே, புறப்படுமுன் முழுச் சுமையுடன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்து, பிரேக்கின் வலிமையை அறிந்து, பிரயாணத்தின்போது அதிர்ச்சியால் தளரும் கேரியர் திருகுகளை நாள்தோறும் முடுக்கிவருவது இன்றியமையாத கடமையாகும்.