புற்றுநோயும் மறைப்பும்: புதுவையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புதுவை நகரின் வடமேற்கே கோரிமேட்டில் அமைந்துள்ள ஜிப்மர் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவின்முன் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து முதற் பேருந்தைப் பிடித்து வந்தோர் அவர்கள். நோயாளரைச் சந்திக்கும் பொருட்டு அங்குச் செல்லும் ஆயர் எவரும் விரைவில் ஒன்றைக் கண்டுகொள்வர். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று வினவினால், "கட்டி" என்பார் ஒருவர். "ஆறாத புண்" என்பார் மற்றொருவர். "கரண்ட் வைக்க வந்தோம்" என்பார் வேறொருவர். நோயின் பெயரை வாய்விட்டு உரைப்போர் மிகச் சிலரே. நோயாளிக்குப் பின்னால் நிற்கும் மகனோ மருமகளோ, "அவருக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்று கண்ணாலேயே கெஞ்சுவதும் உண்டு.

இம்மறைப்பு எங்கிருந்து வந்தது? இதைக் குலைத்தவர் யாவர்? குருவானவராகிய நாம் இதில் எப்பக்கம் நின்றோம்? இவற்றைச் சற்றே வரலாற்றின் வழியாக நோக்குவது, நோயாளியின் கட்டிலருகே நாம் என் செய்வது என்னும் வினாவுக்கும் ஓரளவு விடை தரும் என்று எண்ணுகிறேன்.

புதுவையை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலிருந்தே தொடங்கலாம். புற்றுநோயாளருக்கென்றே ஏற்பட்ட முதல் மருத்துவமனை அந்நாட்டின் ரேம்ஸ் நகரில் 1740-ஆம் ஆண்டு தோன்றிற்று. அதற்குப் பொருள் உதவியவர் ழான் கொதினோ என்னும் கத்தோலிக்கக் குரு. ஆனால் நோய் ஊரெங்கும் பரவிவிடும் என்று நகரத்தார் அஞ்சினர். அவ்வச்சத்தின் காரணமாக, 1779-இல் அம்மருத்துவமனை நகருக்கு வெளியே அகற்றப்பட்டது. புற்றுநோய் தொற்றுநோயன்று என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தது. இருப்பினும் நம் இல்லங்களில் நோயாளிக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டிலேயே இதைக் கண்டிருக்கிறேன். அவ்வம்மையார் அக்குவளையை எனக்குக் காட்டி நகைத்தார். அந்நகைப்பு இன்னும் என் செவியில் உள்ளது.

1842-இல் அதே நாட்டின் லியோன் நகரில் ழான் கார்னியே என்னும் கைம்பெண், கணவனையும் பிள்ளைகளையும் இழந்த துயரிலிருந்து எழுந்து, கல்வாரிப் பெண்கள் என்னும் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்ந்தோரும் கைம்பெண்களே. குணமாக்க இயலாதென மருத்துவமனைகள் கைவிட்ட பெண்களை ஏற்றுக்கொண்டு, துர்நாற்றம் வீசும் புற்றுப்புண்களைத் தம் கையாலேயே கழுவிக் கட்டினர். சாகும் தறுவாயில் இருப்போரைப் பேணும் இல்லம் என்னும் கருத்து இக்காலத்தில் வேரூன்றியது இங்கிருந்துதான் எனலாம். கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவைத்த நம் சமுதாயத்தில் வாழும் நாம் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். விலக்கப்பட்டோரிடம் விலக்கப்பட்டோரே முதலில் சென்றனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தென்னிந்தியாவில் புற்றுநோயைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதியோருள் நம் புரொட்டஸ்டண்டு மிஷனரி மருத்துவர்கள் உண்டு என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் திருவிதாங்கூரிலும் 1956 முதல் குமரி மாவட்டத்திலும் சேர்ந்துள்ள நெய்யூரில், லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவமனை இருந்தது. அங்குப் பணியாற்றிய ஃபெல்ஸ், திருவிதாங்கூரில் பணியாற்றிய பென்டால் ஆகியோர் 1908-இல் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரைகள் வெளியிட்டனர். பென்டால் ஆராய்ந்தவை 1,700 நோயாளரின் குறிப்புகள். வாயில் தோன்றும் புற்றே அவர்கள் கண்டவற்றுள் மிகுதி. வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் சுண்ணாம்பையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை அவர்கள் ஐயுற்றனர். 1933-இல் நெய்யூர் மருத்துவர் ஆர் இதே பொருளைப் பற்றி மேலும் விளக்கமாக எழுதினார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டு மலையேற்றத்தில் பங்குகொண்ட சாமர்வெல் ஐயா அதே மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக உழைத்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கு ரேடியம் சிகிச்சை நடைபெற்றது. பாரிசில் கியூரி தம்பதியர் 1898-இல் கண்டுபிடித்த பொருள் நாஞ்சில் நாட்டு உழவரின் கன்னப் புண்ணுக்கு மருந்தாயிற்று! சபைகளில் பெருவிருந்து முடிந்து தாம்பூலத் தட்டு வரும்போதெல்லாம் எனக்கு நெய்யூர் நினைவுக்கு வரும்.

அடுத்தது அடையாறு. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டதாம். மருத்துவராகிய தமக்கையின் கண் முன்பே நிகழ்ந்த அம்மரணம் அவரை விட்டு நீங்கவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மன்றாடினார். சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்னும் மனப்போக்கையே எங்கும் எதிர்கொண்டார். இறுதியில், மாதர் இந்திய சங்கத்தின் முயற்சியால், 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்குச் சேர்ந்து 2021-இல் மறையும் வரை அதையே இல்லமாகக் கொண்ட டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். தங்கையின் நோயை மறைத்துவைக்க வேண்டிய குடும்பத் துயரமாக அவ்வம்மையார் கருதவில்லை. அதை ஊரறியப் பேசினார். நிலையம் பிறந்தது அப்பேச்சிலிருந்துதான்.

அதே 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறிற்று. பிரெஞ்சு அரசு 1823-இல் இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே 1956-இன் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. அது 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. தன்வந்திரி நகர் என்னும் முகவரியில் பழைய பெயர் இன்றும் வாழ்கிறது. 2002-இல் அங்கு மண்டலப் புற்றுநோய் மையம் ஏற்பட்டபின், சென்னைக்கோ வேலூருக்கோ செல்ல வகையற்ற ஏழை மக்களுக்குக் கோரிமேடே புகலிடமாயிற்று.

மருத்துவம் இவ்வாறு வளர்ந்தது. வலியின் வரலாறோ வேறு. லண்டனில் சிசிலி சாண்டர்சு என்னும் அம்மையார், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர், டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதரை அவருடைய இறுதி நாள்களில் சந்தித்து வந்தார். 1948-இல் இறந்த அம்மனிதர், சாண்டர்சு கட்டவிருந்த இல்லத்தில் ஒரு சாளரமாக இருக்கட்டும் என்று 500 பவுண்டை விட்டுச் சென்றார். பின்னர் மருத்துவமும் கற்று, 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை அவர் திறந்தார். புற்றுநோயாளியின் வேதனை உடலில் மட்டும் இல்லை; மனத்திலும், குடும்ப உறவிலும், ஆன்மாவிலும் உண்டு; இவை அனைத்தும் சேர்ந்ததே முழு வேதனை என்பது அவருடைய போதனை. வலி வந்தபின் மருந்து தேடாமல், வருமுன்னரே மணி தவறாது மார்ஃபின் கொடுக்கவேண்டும் என்று அவர் கற்பித்தார். 1986-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இம்முறையை வலியுறுத்தியது.

ஆனால் அபினைச் சட்டப்படி பயிரிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பும் நம் நாட்டிலோ, 1985-இன் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 1997-க்குள் நூற்றுக்கு 97 பங்கு வீழ்ந்துவிட்டது. மருத்துவர் எழுதித் தர அஞ்சினர், மருந்தகங்கள் வைத்திருக்க அஞ்சின, நோயாளர் கதறினர். 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இடைக்காலத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநீக்கு மருத்துவப் பணி, மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலாரே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று நோயாளரைப் பேணும் இயக்கமாக விரிந்தது. 2008-இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹே அம்மண்ணின் நடுவில்தான் உள்ளது. ஆகவே இவ்வனுபவம் நமக்கு அயலானதென்று தள்ளிவிட இயலாது.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொல்ல விருப்பமில்லை, எனினும் மாணவர்களுக்குப் பயன்படும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சபையில் நான் ஆயராக இருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியரான மூப்பர் ஒருவருக்கு இரைப்பையில் புற்று கண்டது. "அப்பாவிடம் சொல்லாதீர்கள், ஐயா" என்று மக்கள் கேட்டுக்கொண்டனர். நான் இணங்கினேன். ஒவ்வொரு வாரமும் சென்று பூரண சுகத்துக்காக உரத்த குரலில் ஜெபித்தேன். ஒருநாள் அவர் என் கையைப் பற்றி, "ஐயா, எனக்கு என்ன நோய்?" என்று நேரிடையாகவே கேட்டார். "வயிற்றுப் புண்தான், ஆறிவிடும்" என்றேன். அவர் ஒன்றும் பேசாது சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்க ஆராதனை முடிந்தபின் அவருடைய மனைவியார் தலையணையின் கீழிருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மருத்துவமனைச் சீட்டில் அச்சிட்டிருந்த துறையின் பெயரை அவ்வாசிரியர் முதல் நாளே படித்துவிட்டிருக்கிறார். மக்கள் வருந்துவர் என்று அவரும் மறைத்திருக்கிறார். தாளில் கொடுக்கவேண்டிய கடன்களின் பட்டியலும், அதன் கீழே காரைக்காலில் இருந்த தம்பியின் பெயரும் இருந்தன. நிலத்தகராறினால் இருவரும் பதினோர் ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. காரைக்காலிலிருந்து நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அவர் என்னிடம் அன்று கேட்டது நோயின் பெயரை அன்று. தம்பியை அழைத்துவர ஒருவன் கிடைப்பானா என்பதையே.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தனர் என்று வகுப்பில் கற்பித்தவன் நான். அவர்களுடைய பேச்சினும் இழிந்த பேச்சு ஒன்று உண்டென்று அன்று கற்றேன்.

நோயை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. நாம் முந்திக்கொண்டு அறிவிக்கவேண்டியதில்லை. சிலர் அறிய விரும்பாமலும் இருக்கலாம்; அதுவும் அவர்தம் உரிமை. ஆனால் பொய் சொல்ல நமக்கு உரிமை இல்லை. "மருத்துவர் உங்களிடம் என்ன கூறினார்? இன்னும் எதை அறிய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். மக்கள் தடுத்தால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் தனியே அழைத்துப் பேசவேண்டும். அவர்களும் அச்சத்தில் இருப்போரே. கட்டிலருகே நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசவேண்டும். சந்திப்பு குறுகியதாக இருக்கட்டும். எந்தப் பாவத்தின் பலன் இது என்னும் பேச்சுக்கு இடமே தரலாகாது. ஜெபித்தாயிற்று, இனி மருந்தை நிறுத்திவிடுங்கள் என்று கூறும் ஊழியக்காரர் நம் சபைகளுக்குள் நுழையும்போது வாய்மூடி இருப்பதும் ஆயர் செய்யும் குற்றமே என்பேன்.

வலி என்று நோயாளி கூறினால் அதை நம்பவேண்டும். மார்ஃபின் பெயரைக் கேட்டதும், குடிப்பழக்கம்போல் ஆகிவிடுமோ, முடிவு நெருங்கிவிட்டதோ என்று குடும்பத்தார் நடுங்குவர். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காகக் கொடுக்கப்படுவது அவ்விரண்டும் அன்று என்பதை நாம் தெளிவுபடுத்தலாம். அதனால் மலச்சிக்கல் உண்டாகும். உடன் தரப்படும் மலமிளக்கியை விட்டுவிடக்கூடாது. புண்ணின் நாற்றம் காரணமாக உறவினர் அறைக்குள் வர அஞ்சினால், மெட்ரோனிடசோல் மாத்திரைத் தூளைப் புண்ணில் இடுவது பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம். ஒதுக்கப்பட்ட பலர் இதனால் மீண்டும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்ததுண்டு. மருந்தூசிச் சிகிச்சை பெறுவோருக்குக் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அந்நாள்களில் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். தலைமயிர் உதிர்வதைச் சிறு செய்தியாக ஆண்கள் எண்ணுகின்றனர். பூச்சூடிப் பழகிய பெண்ணுக்கு அது எத்தகைய இழப்பென்பதைப் பெண்கள் சங்கத்தார் அறிவர். அவர்களையே அனுப்புதல் நலம்.

நோயாளியைப் போலவே சோர்வது உடன் தங்கும் துணையாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து மாதக்கணக்கில் படுக்கும் மனைவியை, "நீ குளித்து, இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு வா, நான் இருக்கிறேன்" என்று அனுப்புவோர் எத்தனை பேர்? கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் நீள்வதுண்டு. சிகிச்சை இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் இலவசம் ஆகா. பாதியில் வராது நின்றுவிடுவோர் பலரும் இதனாலேயே நிற்கின்றனர்.

எங்கள் சபையில் இரு கைம்பெண்கள் முறைவைத்துக்கொண்டு கதிர்வீச்சுக்குச் செல்வோருடன் கோரிமேட்டுக்குப் பேருந்தில் போய்வருகின்றனர். எவரும் அவர்களை நியமிக்கவில்லை. குடுவையில் காரமில்லாக் கஞ்சி கொண்டுசெல்வர். வாய்ப்புண் உள்ளோர்க்கு ஆறவைத்துக் கொடுப்பர். அவர்களுள் மூத்தவரிடம், வழியில் என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க பேசினா பேசுவோம், ஐயா. இல்லேன்னா சன்னல் பக்கம் உட்கார வச்சுட்டுச் சும்மா வருவோம்" என்றார்.