காசநோய்: சப்ரகமுவப் பெருந்தோட்டங்கள்

இலங்கையில் காசநோய் முதலில் நகரத்து நோய். பதிவாகும் நோயாளர்களில் மிகப் பெரிய பங்கு மேல் மாகாணத்தவர். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பதிவாயினர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ இலட்சத்துக்கு ஏறத்தாழ 64 பேர். அந்தக் கணக்கில் கண்டறியப்படாமல் இருந்தோர் பல ஆயிரம். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியால் சிறுவரிடம் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வடிவங்கள் அரிது. எச்.ஐ.வி. இங்கே சிறு காரணி, நீரிழிவே பெரிது.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை இந்தக் கணக்கில் தேடுவது கடினம். அறிக்கைகள் பெரும்பாலும் மாவட்ட அளவில் பேசுவதால் பலாங்கொடைத் தேயிலைத் தோட்டமும் இரத்தினபுரி நகரமும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. ஆனால் நோய்க்கு வேண்டியதெல்லாம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறது: ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா எனப்படும் அறைகள், ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்த குடும்பம், காற்றோட்டமின்மை, விறகடுப்புப் புகை. ஆண்களிடம் புகையிலையும் கள்ளச்சாராயமான கசிப்பும் சேர்கின்றன. போசாக்கின்மை எல்லாவற்றிலும் ஆழமானது. 2016 குடிசன, சுகாதார மதிப்பாய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் நாட்டளவில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இந்தக் குழந்தைகள் உண்ணும் அடுப்பிலிருந்துதான் பெரியவர்களும் உண்கிறார்கள். உடம்பில் உறங்கும் கிருமி விழித்தெழ மெலிந்த உடல் போதும்.

நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதத்துக்குத் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோல்தான் பெருங்காரணம் எனலாம். வேலைக்குப் போகாத நாளுக்கு அதில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது விதி. நடப்பிலோ தோட்ட டிஸ்பென்சரியின் இருமல் மருந்திலேயே மாதங்கள் கழியலாம். தெரணியகலை, றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். அங்கே சிங்களத்தில் கேட்கும் கேள்விக்குத் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்வதும் பலருக்கு ஒரு தயக்கம். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய் இருமலோடு திரும்பும் இளைஞர் எந்த மாவட்டத்துக் கணக்கு என்பதும் சிக்கல்தான்.

மருந்து இலவசம், வழமையாக ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பணியாளர் பார்க்க விழுங்கலாம். பல மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள காசநோய் இலங்கையில் குறைவு என்பதால் ஒழுங்காக முடித்தவர் பெரும்பாலும் குணமாகிறார். ஒருவருக்கு நோய் உறுதியானால் வீட்டாரையும் பரிசோதிப்பது நடைமுறை. லயத்தில் அடுத்த காம்பரா ஒரு சுவருக்கு அப்பால்தான் என்பதால் அங்குள்ளவர்களையும் வீட்டாராகவே கணக்கில் எடுக்க வேண்டும்.