மரத்தில் எழுதப்படாத ஆண்டு

போர்ச்சுகலின் அலென்தெஜு பகுதியில் கார்க் ஓக் மரப்பட்டையை 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் எழுதிவைக்கிறார்கள். கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் இக்காடுகளை நீரின் ஓசையாக, பட்டையின் மணமாக, விரலுக்குத் தட்டும் சொரசொரப்பாக உணரவைக்கும் கலைப்படைப்புகள் இன்று வருகின்றன.

அதே மண்ணில் கோதுமை அறுத்த பெண்களின் உழைப்பை எந்த மரமும் குறித்துவைக்கவில்லை. 1954 மே 19 அன்று, பலெய்சாவ் ஊரில், கூலி உயர்வு கேட்டுச் சென்ற அறுவடைத் தொழிலாளி கத்தரீனா எவுஃபேமியாவைக் காவல்படை அதிகாரி சுட்டுக்கொன்றார். அவருக்கு வயது 26. சர்வாதிகாரம் நீடித்த 1971இலேயே ஜுசே அஃபோன்சு அவரைப் பாடினார்.

காட்டின் ஓசையைக் கேட்கச் சொல்லும் கலை, கூலி கேட்ட குரலையும் கேட்கவைக்க வேண்டும்.