வடகரையின் காவற்கண்: போர்க்காலக் கடல் அவதானிப்புப் பற்றிய ஒரு நோக்கு

கடலோரத்தில் எழுப்பப்படும் உயர்ந்த கட்டடங்கள் இருவகைப்படும். தொலைவிலுள்ளோர் தன்னைக் காணும்பொருட்டு எழுந்தது வெளிச்சவீடு. தொலைவிலுள்ளோரைத் தான் காணும்பொருட்டு எழுந்தது அவதானிப்புக் கோபுரம். முன்னையது தமிழர்க்குப் புதியதன்று. கடற்கரைப் பட்டினத்து மாடத்தில் இரவில் எரிந்த விளக்கினைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. கலங்கரை விளக்கம் என்னும் பெயரே கலங்களை அழைக்கும் விளக்கம் எனப் பொருள்படும். வெளிச்சவீடு வருவோரை அழைக்கின்றது. காவற்கோபுரம் வருவோரை ஐயுறுகின்றது. இவ்விரு நோக்குகளும் நமது கரையில் எவ்வாறு சந்தித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் வட அந்தத்தை அடுத்துள்ள பருத்தித்துறையின் வெளிச்சவீடு 1916 ஆம் ஆண்டில், முதலாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், கட்டப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 32 மீற்றர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1914 செப்டெம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜேர்மனியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கி எண்ணெய்த் தாங்கிகளை எரியூட்டிச் சென்றது. அக்கப்பலின் பெயர் சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் சொல்லாக இன்றுவரை தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துள்ளது. வணிகக் கலத்துக்கு வழிகாட்டும் ஒளி பகைக் கலத்துக்கும் வழிகாட்டும் என்பதைக் கரையோர மக்கள் அன்று உணர்ந்தனர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை. இங்கு உயரத்தின் பயன் யாது? கடற்கரையில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தொலைவிலேயே முடிந்துவிடும். 32 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கு அது 20 கிலோமீற்றருக்குச் சற்று மேலாக விரியும். மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கப்பலாயின், கண்டபின் முக்கால் மணி நேரம் ஆயத்தத்துக்குக் கிட்டும். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் தாழப் பறந்துவரும் விமானமாயின் கிட்டுவது நான்கு நிமிடங்களே. கோபுரத்தின் பெருமையைக் குறைத்தது இக்கணக்கேயாகும்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் வீழ்ந்து, பர்மா அரிசியின் வரவு நின்றது. யப்பானியக் கடற்படை இந்துசமுத்திரத்துக்குள் நுழைந்ததை ஏப்ரல் 4 இல் முதலிற் கண்டது எந்தக் கோபுரமுமன்று. கொக்கலையிலிருந்து எழுந்த கட்டலீனா விமானமொன்றில், லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனேடிய அதிகாரி அதனைக் கண்டு செய்தி அனுப்பினார். பின் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். செய்தி கிடைத்திருந்தும் மறுநாள் கொழும்புத் தாக்குதலின்போது இரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நிற்கையிலேயே பகைவிமானங்கள் மேலே வந்துவிட்டன. காண்டல் வேறு, கண்டதை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்த்தல் வேறு என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட்டின் பெயர் தாங்கிய கோபுரம் அமைந்த துறைமுகம் அது. அக்கோபுரம் இப்போது கடற்படை அரும்பொருட்காட்சியகமாக உள்ளது. ஆயினும் அன்று முன்னெச்சரிக்கை தந்தது எலிசபெத் முனையில் இருந்த றேடார் நிலையமே. ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே அது பகைவிமானங்களை உணர்ந்ததால் சீனன்குடா விமானங்கள் எழுந்து எதிர்க்க இயன்றது. மேற்கூறிய வேகத்தில் அத்தொலைவு ஏறக்குறைய அரைமணி நேரமாகும். எனினும், விமானங்களின்றித் துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அப்போர் நமது குடாநாட்டுக்கு விட்டுச்சென்ற பெருஞ்சின்னம் பிரித்தானிய வான்படை அமைத்த பலாலி விமானத்தளமாகும். அந்நியப் பகையை நோக்கி அமைந்த தளமும் கடற்காவலும், 1983 இன் பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் கரையோர மக்களையே நோக்கித் திரும்பின. மீன்பிடித் தடைகளாலும் கடல்வலயக் கட்டுப்பாடுகளாலும் கடலையே வாழ்வாகக் கொண்டோர் கடலுக்கு அந்நியராயினர். காவற்கண் யாருடையது, யாரைக் காண்பது என்னும் வினா அதனால் வெறும் படைத்துறை வினாவாக நின்றுவிடவில்லை.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையையும் தாக்கியது. பல்லாண்டுகளாகக் கடலை நோக்கியிருந்த காவலெல்லாம் பகைவனையே தேடியது. கடலின் மாற்றத்தைக் கரையோர்க்கு உரைக்க அதற்கு ஏற்பாடு இருக்கவில்லை. இந்துசமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை முறைமை அமைக்கப்பட்டதும் அதன் பின்னரே. கரையில் வாழ்வோரை எச்சரிப்பதே கடற்காவலின் முதற்கடன் என்பதை, 1942 இன் கொழும்பும் 2004 இன் வடமராட்சியும் ஒருசேர உணர்த்துகின்றன எனலாம்.