பூனைக்கு ஒரு வாயில்

கதவின் அடியிற் பூனை சென்றுவரத் துவாரம் இடும் வழக்கத்தை முதன்முதல் உண்டாக்கியவர் சேர் ஐசாக் நியூற்றன் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. தாய்க்குப் பெரிய துவாரமும் குட்டிக்குச் சிறிய துவாரமுமாக இரண்டு இடுவித்தாராம்! பெரியதன் வழியே குட்டியும் செல்லக்கூடும் என்பது அப்பேரறிஞருக்குத் தோன்றவில்லையாம். நகைப்பதற்கு நல்ல கதை, வரலாறு அன்று. கேம்பிறிட்சில் அவருக்கு எழுத்தராயிருந்த ஹம்பிறி நியூற்றன், அவரது அறையில் நாயுமில்லை, பூனையுமில்லை என்று எழுதிவைத்துள்ளார்.

நியூற்றன் பிறந்தது 1642இல். அதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே, பூனை நுழையும் துவாரத்தினூடே வேலையாள் ஒருவன் அறையினுள் எட்டிப்பார்ப்பதாகக் கவிஞர் சோசர் பாடிவிட்டார். புகழ் எப்போதும் பெரியோரையே நாடிச் செல்கின்றது போலும்.

இதனினும் உறுதியான சான்று இங்கிலாந்தின் எக்செற்றர் பேராலயத்தில் உண்டு. அதன் கணக்கேடுகளில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்றே பணம் குறிக்கப்பட்டுள்ளது: காலாண்டுக்கு 13 பென்சு, அதாவது வாரம் ஒரு பென்னி. எலி பிடிக்கும் உத்தியோகத்துக்குரிய சம்பளம் என்றே அதனைக் கொள்ளவேண்டும். அங்குள்ள வானியற் கடிகாரத்தின் பொறிகளுக்கு விலங்குக் கொழுப்புப் பூசப்பட்டமையால் எலிகள் அதனை மொய்த்தன என்பர். வில்லியம் கொற்றன் அத்தியட்சராகப் பதவியேற்ற 1598ஆம் ஆண்டில், கடிகாரத்தின் கீழுள்ள கதவில் துவாரமிடத் தச்சருக்கு 8 பென்சு கொடுக்கப்பட்டது. மூடியேதுமில்லாத அவ்வட்டத் துவாரத்தை இன்றும் அங்கே காணலாம்.