முத்துக்குளிப்பு (மன்னார் வளைகுடா)

முத்துச்சிப்பிக்காகக் கடலில் மூழ்கும் பழந்தொழில். தூத்துக்குடிக் கடலிலும் இலங்கையின் வடமேற்குக் கடலிலும் உள்ள கடலடிப் பாறைத்திட்டுகளில் நடந்தது. இத்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர்.

முத்து உருவாதல்: சிப்பியின் உடலைப் போர்த்தியுள்ள மென்தோல், ஓட்டின் உட்புறத்தில் பளபளக்கும் சுண்ணப் படலத்தைச் சுரக்கிறது. அத்தோலின் உயிரணுக்கள் சில சதைக்குள் சிக்கிப் பைபோல் வளர்ந்தால், அப்பைக்குள் அதே படலம் அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகிறது. மணல் துகளே இதைத் தூண்டும் என்பது பரவலான நம்பிக்கை. 1902இல் இலங்கைப் பார்களை ஆராய்ந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளவுயிரியே காரணம் எனக் கருதினார். அதை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை.

வரலாறு: பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர்பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுத்ததாகக் கூறுகிறது. சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாக மார்க்கோ போலோ எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்த கரையோர மக்களான பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். குளிப்பு போர்த்துக்கேயரிடமும், 1658க்குப் பின் டச்சுக்காரரிடமும் சென்றது.

விரிவான பதிவுகள் ஆங்கிலேயர் காலத்தவை. 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டி மணற்கரையில் ஓலைக்கொட்டகை நகரம் ஒன்று முளைத்தது. தமிழரும் அரபியருமாகச் சுமார் 5,000 பேர் குளித்தனர். குளிப்பவர் கயிறு கட்டிய கல்லில் கால் பதித்து இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கூடையோடு மேலே வருவார். எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலம் போகும். சிப்பிகளை அழுகவிட்டு, ஈப்புழுக்கள் சதையைத் தின்றபின் கழுவி முத்தைப் பொறுக்குவர். பிறகு அவை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இறங்கும். பெருமுத்துக்குரிய சல்லடையில் துளைகள் 20, பொடிக்குரியதில் 1,000. உருட்சியும் ஒளியும் குறையாதது 'ஆணி'. கடைசியில் எஞ்சுவது 'தூள்'. அவ்வாண்டு 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வந்தது.

1906இல் இலங்கைப் பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிக்கச் சிப்பி இல்லை. மிகையாக எடுத்ததே காரணம் என்பர் சிலர். திருக்கை முதலிய மீன்களையும் மணலைப் புரட்டும் நீரோட்டங்களையும் சுட்டுவர் வேறு சிலர்.

பிற்காலம்: தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய குளிப்புகள் 1961உடன் நின்றன. 1973இல் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது.