இரும்புக் குழலுக்குள் அடங்கிய நெருப்பு



தீபாவளி இரவில் கொஸ்லந்தத் தோட்டத்து லயங்களுக்கு மேலாகச் சீறியெழும் வாணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கடதாசிக் குழலுக்குள் இருப்பவை பெரும்பாலும் வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றுந்தான். எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை வெடியுப்பே கொடுத்துவிடும், வெளிக்காற்று தேவையில்லை. மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் ஆங்கிலேயரைக் கலங்கடித்ததும் இத்தகைய மருந்தைக் கொண்டுதான். அப்படியாயின் அவர்கள் செய்த புதுமை என்ன?

குழலை மாற்றினார்கள். கடதாசிக்குப் பதிலாக இரும்பு.

இது சிறிய காரியமல்ல. இறுக்கி அடைத்த மருந்து ஒரேயடியாக வெடிப்பதில்லை. மேற்பரப்பில் பற்றி, படை படையாக உள்நோக்கி எரிகிறது. உள்ளே அமுக்கம் கூடினால் எரிதலும் விரைவுபடும். கடதாசிக் குழல் அவ்வமுக்கத்தைத் தாங்காமல் கிழிந்துபோகும், இரும்பு தாங்கும். வாயு பின்புறத் துவாரத்தால் பீறிட, குழல் முன்னே பாயும். மருந்தின் நடுவே நீளத் துளை விட்டால் எரியும் பரப்புப் பெருகி, உந்தலும் பெருகும். ஆனால் மருந்தில் வேண்டாத கீறல் ஒன்று விழுந்தால் அதுவும் எரிபரப்பாகிக் குழலையே சிதறடித்துவிடும். இரும்புக்கும் ஓர் எல்லை உண்டல்லவா!

1780 செப்டெம்பர் 10ஆம் திகதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கேணல் பெய்லியின் படை அழிந்தது. அவருடைய வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு மைசூர் ரொக்கெட்டுகளே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். 1799 ஏப்ரலில் சுல்தான்பேட்டைத் தோப்பில், இருளில் இந்த ரொக்கெட்டுகளுக்கு முன்னே பின்வாங்கியவர் ஆதர் வெல்லெஸ்லி. பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவரேதான். நமது திருகோணமலையிலும் சில காலம் தங்கியிருந்தவர்.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் மாண்டார். ரொக்கெட்டுகள் கப்பலேறி இங்கிலாந்தின் வுல்விச் போய்ச் சேர்ந்தன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டே வில்லியம் கொன்கிரீவ் தமது ரொக்கெட்டுகளைச் செய்தார். 1807இல் கொப்பன்ஹேகன் நகர் அவற்றால் எரிந்தது. பெயர் மாத்திரம் கொன்கிரீவுக்குப் போயிற்று.

1980 ஜூலை 18ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செய்மதியை ஏற்றிச்சென்ற எஸ்.எல்.வி.-3இன் நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருளாலானவை. வெடியுப்பின் இடத்தில் அமோனியம் பேர்குளோரேற்று. கரியின் இடத்தில் றப்பர் போன்ற பசையும் அலுமினியத் தூளும். எரியும் விதி பழையதே. அத்திட்டத்தை நடத்திய அப்துல் கலாம், 1960களில் அமெரிக்காவின் வலொப்ஸ் தளத்து வரவேற்பு மண்டபத்தில் திப்புவின் ரொக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு வியந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

2018இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள நகரா என்னும் ஊரில், பாழ்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புக் குழல்கள் கிடைத்தன. அந்தக் கிணற்று மண்ணில் இன்னும் வெடிமருந்து வாடை வீசியதாம்.